லிவர்பூலுக்காக அடித்துக்கொள்கிறோம், உள்ளூர் ஆட்டத்தை யார் பார்ப்பது?

ரோஸ்ஹில்_ராசா:
மொரீஷியஸில் இருந்துகொண்டு இங்கிலாந்து கிளப்புகளுக்காகச் சண்டை. எங்கள் வீட்டில் அப்பா லிவர்பூல், சித்தப்பா மான்செஸ்டர் யுனைடெட். ஞாயிறு இரவு எட்டரைக்கு ஆட்டம் என்றால் சித்தப்பா சாயங்காலமே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துவிடுவார். 2023 மார்ச்சில் யுனைடெட் லிவர்பூலிடம் 7-0 தோற்ற அன்று, போட்ட சோற்றைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை அப்பா ஏழு தால்பூரி (பருப்பு வைத்த ரொட்டி) வாங்கி அவர் வீட்டுக்கு அனுப்பினார். ஜோடி ஜோடியாக விற்கிற பண்டத்தை ஒற்றைப்படையில் கேட்டதற்குக் கடைக்காரர் முறைத்தாராம்.

இதே இரண்டு பேரும் ஒரு காலத்தில் நம் தமிழர் கிளப்பான தமிழ் கேடட்ஸ் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள். இப்போது உள்ளூர் மைதானம் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. 1999-க்குப் பிறகு இனவாரி கிளப்புகளை ஒழித்து ஊர்வாரி கிளப்புகள் கொண்டுவந்தார்களே, அதோடு மொரீஷியஸ் பந்தாட்டத்துக்குப் பால் ஊற்றியாகிவிட்டது. அந்த முடிவு தவறு என்கிறேன். யாராவது மறுத்துப் பேசுங்கள்.

காத்ர்போர்ன்_மருமகள்:
நான் மறுக்கிறேன் அண்ணா. நான் மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவ, அந்த 1999 கலவரத்தைப் பார்க்கல. ஆனா என் மாமியாருக்கு அந்த வருஷத்தை நினைச்சா இன்னும் பதறுது. பிப்ரவரியில பாடகர் காயா போலீஸ் காவல்ல செத்து நாடே பத்தி எரிஞ்சுது. மே 23-ஆம் தேதி அஞ்சலே ஸ்டேடியத்துல முஸ்லிம்களோட கிளப்பான ஸ்கௌட்ஸ், ஃபயர் பிரிகேட் அணிகிட்ட தோத்தாங்க. அதுல கலவரம் வெடிச்சு, அன்னைக்கு ராத்திரி போர்ட் லூயிஸ்ல லமிகால் சூதாட்ட விடுதிக்குத் தீ வெச்சதுல ஏழு பேர் போயிட்டாங்க. கர்ப்பிணிங்க, குழந்தைங்களும் அதுல உண்டு. இதுக்கப்புறமும் இந்துக்கு ஒரு கிளப், முஸ்லிமுக்கு ஒரு கிளப், நமக்கு ஒண்ணுன்னு வெச்சிருக்கணுமா?

ரோஸ்ஹில்_ராசா:
தங்கச்சி, அந்த ஏழு உயிரைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். தோற்ற அந்த அணி ஆரம்பத்தில் 'முஸ்லிம் ஸ்கௌட்ஸ்'. 1999-இல் வெறும் 'ஸ்கௌட்ஸ்'. பெயரை முன்பே எடுத்தாகிவிட்டது, தீயை நிறுத்தியதா? வைத்தவன் வைத்தான்.

அப்புறம், தேர்தலுக்கு வாருங்கள். தோற்றவர்களில் சிலருக்கு இனக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற 'பெஸ்ட் லூசர்' இடங்கள் எட்டு வரை உண்டு. அதற்கு வைத்திருக்கும் குடிக்கணக்கு 1972-ஐச் சேர்ந்தது! அதில் தமிழனுக்குத் தனி வரிசைகூட இல்லை, இந்துவோடு சேர்த்தாச்சு. நாடாளுமன்றத்தில் சாதி மத அளவுகோல் இருக்கலாம், புல்தரையில் மட்டும் கூடாதோ?

கோர்தெகார்ட்_வேலன்:
நல்லா இருக்கே நியாயம். அங்கே ஒரு தப்பு இருக்கு, அதனால இங்கேயும் இருக்கட்டும்னா? வேட்பாளர் தன் இனத்தைச் சொல்லியே ஆகணும்கிறது சரியில்லைன்னு ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-லேயே சொன்னது. 2014 தேர்தலுக்கு, அந்த ஒரு தடவைக்கு மட்டும், சொல்லாமலும் நிக்கலாம்னு விட்டாங்க. ஒழிக்கணும்னா அதை ஒழிப்போம். செத்த கிளப்பை ஏன் தோண்டணும்? என் கணக்குப்படி மைதானத்தைக் காலி பண்ணது 1999 இல்லை, டி.வி. உங்க சித்தப்பாவுக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசில்லை, அவ்வளவுதான்.

காத்ர்போர்ன்_மருமகள்:
அந்தச் சித்தப்பா எந்தக் கட்சி? 2024 நவம்பர் தேர்தல்ல ஆளுங்கட்சி 60-0ன்னு தோத்தப்ப சாப்பிட்டாரா?

ரோஸ்ஹில்_ராசா:
நன்றாகச் சாப்பிட்டார். வாக்குப்பதிவுக்கு முன்பே கட்சி மாறிவிட்டார். முப்பது வருடக் கட்சியை விட்டவர், யுனைடெட்டை விடமாட்டேன் என்கிறார். லிவர்பூல் 20 லீக் பட்டம் எடுத்து யுனைடெட்டுக்குச் சமமாக வந்த 2025-லும்கூட.

பாம்பிளமூஸ்_வாத்தியார்:
சித்தப்பா விவேகமுள்ளவர். நம் மக்கள் பலர் இரண்டையும் மாற்றுவதில்லை. அப்பா எந்தக் கட்சியோ பிள்ளையும் அதே கட்சி. தலைவர்களும் அப்படியே. 2017 ஜனவரியில் தேர்தலே இல்லாமல் தந்தை ஜக்நாத் மகனுக்குப் பிரதமர் நாற்காலியைக் கொடுத்தார். இன்றைய பிரதமரும் முதல் பிரதமரின் மகன். என் மாணவர்களுக்குப் பொன்னியின் செல்வனைப் படித்துக்காட்டும்போது, கைக்கு வந்த கிரீடத்தை அருள்மொழி உத்தம சோழருக்குச் சூட்டும் கட்டத்தில் நிறுத்திவிடுவேன். இப்படி ஒருவரை இங்கே காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்பேன். எனக்குப் பிடித்த நாவல் அதுதான், வேறு எது படித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறேன்.

கோர்தெகார்ட்_வேலன்:
வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீங்க. உத்தம சோழர் அருள்மொழிக்குச் சித்தப்பா முறை. கிரீடம் வீட்டைத் தாண்டலையே!

பாம்பிளமூஸ்_வாத்தியார்:
வேலா, ஐந்து பாகம் படித்துவிட்டு வந்து பேசு.

காத்ர்போர்ன்_மருமகள்:
நாவல் சண்டையைத் தனியா வெச்சுக்கங்க. ராசா அண்ணா, அடுத்த உள்ளூர் ஆட்டம் கியூர்பைப் ஜார்ஜ் ஐந்து ஸ்டேடியத்துல எப்ப நடந்தாலும் சொல்லுங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரேன். ஊர்ப் பெயர் போட்ட பனியன்னா போட்டுக்கறேன். இனப் பெயர் போட்டதை என் பிள்ளைங்க போட மாட்டாங்க.

ரோஸ்ஹில்_ராசா:
வாருங்கள். அப்பாவின் பழைய கேடட்ஸ் சட்டையை நான்தான் போட்டுக்கொண்டு வருவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.