ஊசிக்குப் பின் கசிந்த பனிக்குட நீர்

இரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு டவுன் நோய்க்குறி என்னும் குரோமோசோம் குறைபாட்டுக்கான வாய்ப்பு மிகுதி என்று வந்ததால், கர்ப்பத்தின் 17ஆவது வாரத்தில் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று வயிற்றின் வழியே ஊசி செலுத்தி நீரை எடுக்கும் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்துகொண்டேன். என் இரத்தம் ஓ நெகட்டிவ் என்பதால் குழந்தையின் இரத்த அணுக்களுக்கு எதிராக என் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் அன்றே போட்டார்கள். இரண்டாம் நாள் இரவு பாவாடை நனைந்தது. சிறுநீரோ என்று ஐயுற்றேன். ஆனால் அந்த வாடையும் இல்லை, அடக்கவும் முடியவில்லை.

மறுநாள் மீண்டும் புதுச்சேரிக்குப் போகும் வழியில் முள்ளோடையைத் தாண்டும்வரை, பனிக்குடம் உடைந்தால் பிள்ளை தங்காது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதே காதில் ஒலித்தது. மருத்துவர் பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெக்குலம் கருவியை வைத்து நீர் தேங்கியிருப்பதைப் பார்த்தார்; தொற்று உள்ளே செல்லக்கூடும் என்பதால் விரலால் உட்பரிசோதனை செய்யவில்லை. ஸ்கேனில் நீரின் ஆழம் 1.8 செ.மீ.; குறைந்தது 2 இருக்க வேண்டுமாம்.

அவர் விளக்கியதுதான் எனக்குத் தெம்பளித்தது. பனிக்குடம் தானாக உடையும்போது பெரும்பாலும் கருப்பை வாய்க்கருகே கிழிகிறது, பின்னால் தொற்றும் இருக்கலாம். ஊசியால் உண்டாவதோ மேற்பகுதியில் ஒரு சிறு துளை, அது நூறில் ஓரிருவருக்கு நேர்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்குச் சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ கசிவு தானே நின்றுவிடுகிறது என்றார். ஆகவே எனக்குச் செய்த சிகிச்சை என்பது பெரும்பாலும் கண்காணிப்புதான்: காய்ச்சல், வயிற்று வலி, துர்நாற்றம் ஆகியவற்றைக் கவனிப்பது, தொற்றைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளையணுக்களையும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவையும் இரத்தத்தில் பார்ப்பது, வாரந்தோறும் ஸ்கேன். தாம்பத்திய உறவு கூடாது. எழுந்திருக்கவே கூடாது என்று மாமியார் கட்டிலோடு கட்டிப்போட்டார். முழுப் படுக்கை ஓய்வால் பயன் உண்டென்று நிரூபணமில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும் அவர் இளகவில்லை.

இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் கிரையோபிரெசிபிடேட் என்ற இரத்தப் பொருளையும் பனிக்குடத்துக்குள் செலுத்தித் துளையை அடைக்கும் முறை உண்டே என்று என் கணவர் கேட்டார். அதற்கு இன்னொரு ஊசி வேண்டும், அதனாலேயே குழந்தை இறந்துபோகவும் கூடும், வாரக்கணக்கில் நிற்காத கசிவுக்கே அதை யோசிப்பார்கள் என்று மருத்துவர் மறுத்தார். அன்று எங்களுக்கு அது அலட்சியமாகப் பட்டது. இப்போது அந்த நிதானத்துக்கு நன்றி சொல்கிறேன்.

ஒன்பதாம் நாளுக்குப் பிறகு துணி நனையவில்லை. அடுத்த ஸ்கேனில் ஆழம் 4.2 செ.மீ. வந்தது. குரோமோசோம்கள் இயல்பாக இருப்பதாக அதற்குப் பின் ஆய்வகத்திலிருந்து அழைத்துச் சொன்னபோது, எதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டோம் என்பதே எங்களுக்கு ஒரு கணம் நினைவுக்கு வரவில்லை. 38ஆவது வாரத்தில் மகள் பிறந்தாள்.