இரவில் அண்ணாவைச் சங்கிலியில் போடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

சாம்பல்தீவுக்காரி எழுதியது:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏச வருபவர்கள் தயவுசெய்து தள்ளி நில்லுங்கள். ஏச்சு எங்களுக்கு அக்கம்பக்கத்திலேயே தாராளமாகக் கிடைக்கிறது.

அண்ணாவுக்கு 34 வயது. ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. ஊரில் சொல்கிற பெயர்கள் வேறு. பகலில் பெரிதாகப் பிரச்சினை இல்லை. கிணற்றடியில் தண்ணீர் அள்ளுவார், அப்பாவோடு இருந்து வலை பொத்துவார், மனம் வந்தால் எனக்குத் தேங்காயும் துருவித் தருவார். இரவு பத்து மணி தாண்டினால்தான் வினை. விறாந்தைக்கும் படலைக்குமாக நடந்துகொண்டே இருப்பார். படலைக்கு வெளியே நிலாவெளி றோட். இரவில் அதில் வாகனங்கள் வருகிற வேகம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஒருமுறை விடியும்வரை தேடி, குச்சவெளிப் பக்கம் ஒரு மீன்வாடியில் படுத்திருந்தவரைக் கூட்டிவந்தோம்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு நாய்ச் சங்கிலி வாங்கினார். கணுக்காலில் உரசக்கூடாது என்று அப்பாவின் பழைய சாரத்தைக் கிழித்து, அதைச் சுற்றித் தைத்திருக்கிறார். தையல் அவ்வளவு நேர்த்தி. ஒரு முனை கட்டில் காலில், மறுமுனை அண்ணாவின் இடது காலில். திறப்பு அம்மாவின் தாலிக்கொடியில் ஊக்கோடு சேர்ந்து தொங்கும். நேரம் வந்ததும் அண்ணா தானாகவே காலை நீட்டுகிறார். "பிள்ளை ஒத்துக்கொண்டுதானே இருக்கிறான்" என்று அம்மா சொல்கிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

மருந்து: மாதம் ஒரு மொடிகேட் ஊசி, இரவில் குளிசை. ஊசி போட்ட கிழமையில்தான் நடை இன்னும் கூடுகிறது. அதனால் ஊசியே வேண்டாம் என்று அம்மா நிற்கிறார். நூல் கட்டியாயிற்று, கழிப்பும் கழித்தாயிற்று. செலவுதான் மிச்சம்.

சங்கிலியைக் கழற்றினால் அந்த இடத்தில் எதை வைப்பது? "கட்டாதே" என்று சொல்கிற எல்லாரும் பத்து மணிக்குத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

---

கோட்டுவாசல் எழுதியது:

சட்டத்தைக் கேட்டால், ஒருவரை இப்படி அடைத்துவைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆனால் மனநோய்க்கென்று நம் இலங்கையில் இருக்கிற சட்டம் 1873இல் வெள்ளைக்காரன் போட்டது. நோயாளியை ஆஸ்பத்திரியில் அடைப்பதைப் பற்றித்தான் அது பேசுகிறது. இரவில் விழித்திருக்கிற தாய்க்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே பொலிசுக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

---

கிண்ணியா நானா எழுதியது:

தங்கச்சி, ஏசவில்லை. எங்கள் ராத்தாவையும் இப்படித்தான் வைத்திருந்தோம். மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடுகிற தமிழ்நாட்டு ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அதே ஊரில் ஓலைக் கொட்டகை ஒன்று விடியப்புறம் தீப்பிடித்தது தெரிந்திருக்கும். 28 பேர். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. செய்தியைக் கேட்ட அன்றே உம்மா எங்கள் வீட்டுச் சங்கிலியைத் தூக்கி எறிந்துவிட்டார். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சங்கிலியை எந்த வடிவத்திலும் போடக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

நீங்கள் இருப்பதும் கடற்கரை ஊர். 2004இல் தண்ணீர் வந்தபோது திறப்பைத் தேட யாருக்காவது நேரம் இருந்ததா? அம்மா ஒரு சாவீட்டுக்குப் போய் நின்றால் அண்ணாவின் கால் யார் கையில்? சங்கிலி கழரும்வரை குறைந்தது இன்னொரு திறப்பாவது வெட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள். இன்றைக்கே.

---

மூதூர் பெரியக்கா எழுதியது:

மனநல வார்ட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி போட்ட கிழமையில் நடை கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியம். இது வருத்தமாக, அதாவது நோயாக இல்லாமல், ஊசியின் பக்கவிளைவாக இருக்கலாம். அகதீசியா என்பார்கள். இருக்கவும் விடாது, நிற்கவும் விடாது. நின்றால் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஊசி போட்ட முதல் நாட்களில்தான் இரத்தத்தில் மருந்து அதிகம், அதனால் கணக்கும் பொருந்துகிறது. அப்படியான காலைக் கட்டிவைப்பது என்ன வேதனை என்று அம்மாவுக்கு மெதுவாகச் சொல்லுங்கள்.

அண்ணாவிடமே கேளுங்கள்: யாரோ கூப்பிடுவதால் நடக்கிறீர்களா, கால் சும்மா இருக்க விடவில்லையா? முதலாவது என்றால் வருத்தம் அடங்கவில்லை, இரண்டாவது என்றால் மருந்து. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. மருந்துதான் என்றால் அளவைக் குறைப்பார்கள், அல்லது ஊசியை மாற்றுவார்கள், அல்லது புரொப்ரனோலோல் மாதிரி ஒரு குளிசை சேர்ப்பார்கள்.

ஆனால் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினாலும் உடம்பில் கிழமைக் கணக்கில் மருந்து இருக்கும். நடை குறையும், ஆள் தெளிவாகத் தெரிவார், அம்மாவும் தான் சொன்னது சரி என்று இருப்பார். கொஞ்சம் பிந்தித்தான் வருத்தம் திரும்பும். வார்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிக் கதை இப்படித்தான் இருக்கும்.

இரவுக்கு: பூட்டு காலுக்கு வேண்டாம், படலைக்குப் போடுங்கள். வளவுக்குள் நடக்கட்டும், நடந்தால் என்ன? படலையில் ஒரு மணி கட்டுங்கள். வீட்டுக் கதவை வெளியால் பூட்டாதீர்கள், நெருப்பென்றால் அதுவும் சங்கிலிதான். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணீர், கோப்பி வேண்டாம். நீங்கள் மூன்று பேரும் முறை வைத்து விழித்திருங்கள், அம்மா மட்டும் என்றால் அவரும் விழுந்துவிடுவார். கிளினிக்கில் வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள். நடு இரவில் கைமீறினால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். அப்புறம், சங்கிலி போட்ட காலில் மட்டும் வீக்கமோ நோவோ இருந்தால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரத்தம் கட்டியிருக்கலாம்.

---

சாம்பல்தீவுக்காரி எழுதியது:

கேட்டேன் அக்கா. "காலுக்குள்ள எறும்பு ஓடுது, நடந்தால்தான் நிக்கும்" என்றார். யாரும் கூப்பிடவில்லையாம். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. கால் வீங்கவில்லை, பார்த்துவிட்டேன்.

நானா, திறப்பு வெட்டியாயிற்று. படலைக்குப் பூட்டு அப்பா போடுகிறார். பின்பக்க வேலியில் கடலுக்குப் போகிற பொட்டு ஒன்று இருக்கிறது, அதை அடைக்கும்வரை சங்கிலி இருக்கட்டும் என்பது அம்மாவின் கட்சி. அடைப்பதற்கு ஓலை சொல்லியிருக்கிறோம். அக்கா, அந்தக் குளிசையின் பெயரைத் துண்டில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போகட்டுமா?

---

மூதூர் பெரியக்கா எழுதியது:

பெயரோடு போனால் சில டொக்டர்மாருக்குப் பிடிக்காது. அண்ணா சொன்ன எறும்புக் கதையை அப்படியே சொல்லுங்கள், ஊசித் திகதியும் நடை கூடிய நாட்களும் குறித்த துண்டைக் காட்டுங்கள், அவர்களுக்கே விளங்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணாவுக்கு முட்டு, இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், அப்படியானவர்களுக்கு அந்தக் குளிசை கொடுப்பதில்லை.