சபைப் பிள்ளைகளை வேனில் கூட்டிப் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மலையடிவாரம்:
ஏற்காட்டில் வாலிபர் ரிட்ரீட் முடிந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 17 சீட் வேனில் 22 பேர், சின்னதுகள் மடியில். எப்போதும் அப்படித்தான் போவோம், யாரும் தப்பாக நினைத்ததில்லை, நானும்தான். 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம், கருகுகிற வாடை வந்தது. பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். டிரைவர் அண்ணன் பிரேக்கை மிதிக்கிறார், கால் அடிவரை போகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி நிறுத்தினார். சக்கரத்திலிருந்து புகை. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். யாருக்கும் அடி இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் முன்சீட்டில் இருந்த பையன் அப்புறம் சொன்னான்: "அண்ணா, டிரைவர் மாமா கியரே போடாமத்தான் வந்தாங்க." எட்டாம் வகுப்புப் பையன் கவனித்திருக்கிறான். தலைவன் என்று போன நான் கடைசி சீட்டில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறுபள்ளி டீச்சர்:
படிக்கும்போதே கை நடுங்குகிறது தம்பி. எங்களுக்கு மலை இல்லை, நேர் ரோடு. பாளையங்கோட்டையில் வேதாகமப் போட்டி முடிந்து இரண்டு வேனில் திரும்பினோம். வழியில் பெட்ரோல் பங்கில் பாத்ரூமுக்கு நிறுத்தினோம். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். "வந்தாச்சு டீச்சர்" என்று கத்தினார்கள், கிளம்பிவிட்டோம். ஒரு பையனை நாங்கள் அந்த வேன் என்று நினைத்தோம், அவர்கள் இந்த வேன் என்று. அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. திரும்பிப் போனால், காற்றடிக்கிற மெஷின் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்திருக்கிறான், மடியில் இரண்டு டிபன் பாக்ஸ், ஒன்று அவனுடையது, ஒன்று அவன் சிநேகிதனுடையது. அழவே இல்லை. அதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை.

லாரிக்காரர் மகன்:
மலையடிவாரம் தம்பி, சூடேறிய பிரேக்கில் தண்ணீர் ஊற்றவே கூடாது, சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் வெடிப்பு விட்டுவிடும். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நானும் ஒருமுறை கல்வராயன் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தவித்தவன், அதனால் சொல்கிறேன். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று அப்பா சொல்வார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, மொத்த பாரமும் பிரேக் மேல். இன்ஜினையே அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் லேசில் திரும்பாது. வண்டி பேசும்போதே வாடகைக்கான மஞ்சள் போர்டா, எஃப்.சி. (தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் வாங்கிப் பாருங்கள். சபை விசுவாசியின் சொந்த வண்டி, குறைந்த வாடகை என்று வெள்ளை போர்டில் ஏறாதீர்கள், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம், மிச்ச ஆட்களுக்கு வேறு வண்டி வரும்வரை வண்டியை எடுக்க விடக்கூடாது என்பது சட்டம். முந்தின ராத்திரி டிரைவர் எங்கே படுத்தார் என்றும் கேளுங்கள். நாம் ரிட்ரீட் ஹவுசில் தூங்குவோம், அவர் வேனுக்குள் கொசுக்கடியில் கிடப்பார்.

பங்கு இளைஞர்:
அண்ணே, புகை வரும்போது 22 பேரை வைத்துக்கொண்டு யாருக்கு டிரம் ஞாபகம் வரும்? அவரை விடுங்கள். பேப்பரைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் உண்மை. பக்கத்துப் பங்குக் கோயில் கொடியேற்றத்துக்கு நாங்கள் குட்டியானை லோடு வண்டியில் நின்றுகொண்டே போனோம். ஆட்டோவுக்கு ஒதுங்க டிரைவர் சட்டென்று ஒடித்தார், பின்கதவுக் கொண்டி கழன்றது. ஓரத்தில் நின்ற தங்கச்சியின் தாவணியை யாரோ இழுத்துப் பிடித்தார்கள். கிழிந்த அந்தத் தாவணியை அவள் அம்மாவிடம் கொடுத்தது நான்தான். என்ன ஆச்சு என்று கேட்டார்கள், முள்ளில் மாட்டியது என்று சொல்லிவிட்டேன்.

மலையடிவாரம்:
தண்ணீர் விஷயம் இப்போதுதான் தெரியும் அண்ணா, நன்றி. அடுத்த மாதம் மறுபடி ஏற்காடுதான். இரண்டு வேன் பேசியிருக்கிறோம், டிரைவர்களுக்கு ரூமும் சொல்லியாச்சு. டீச்சர், நீங்கள் எழுதினதைப் பார்த்து ஒவ்வொரு வேனுக்கும் பெயர் லிஸ்ட் தனியாக எடுத்துவிட்டேன். முன்சீட்டில் நான் உட்காருகிறேன்.