ஆகஸ்ட் 10: ஹென்றி மோஸ்லி

சங்கத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

இளம் வயதில் போர்ப்பணியில் இறந்தவர்களைப் பற்றி இங்கே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்திருந்தால் என்னென்ன செய்திருப்பார்களோ என்ற ஏக்கம்தான் பல மடல்களில். அந்த ஏக்கம் நியாயமானது. ஆனால் நான் எழுத வந்தவர் செய்து முடித்த வேலையே அவரை நினைக்கப் போதும்.

ஹென்றி மோஸ்லி, இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர். முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில் இறந்தபோது வயது 27. வேதியியல் படித்த எல்லோருக்கும் அவருடைய வேலை தெரியும், பெயர்தான் பலருக்குத் தெரியாது. இரும்பு 26, தங்கம் 79 என்று மனப்பாடம் செய்தோமே, அந்த அணு எண்ணுக்குச் சோதனையில் ஆதாரம் தேடித் தந்தவர் இவர்தான்.

அவருக்கு முன்னால் தனிமங்களை அணு எடைப்படிதான் அடுக்கினார்கள். அதில் சில இடங்கள் இடறின. கோபால்ட் நிக்கலைவிடக் கொஞ்சம் கனமானது, ஆனால் குணத்தைப் பார்த்தால் கோபால்ட்தான் முதலில் வரவேண்டும். ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வரிசை எண் என்பது வெறும் இருக்கை எண் மாதிரி இருந்தது.

1913-இல் மான்செஸ்டரில், அணுக்கருவைக் கண்டுபிடித்த ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் மோஸ்லி இதைக் கையில் எடுத்தார். ஒரு தனிமத்தின் மேல் வேகமான எலக்ட்ரான்களை மோதவிட்டால் அது தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடும். அந்தக் கதிரை ஒரு படிகத்தின் மேல் விழவைத்து, ஒளிப்படத் தகட்டில் பதிவுசெய்து, அலைநீளத்தைக் கணக்கிட்டார். கேட்கச் சுலபம். ஆனால் மாதிரியை மாற்ற ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்தால் வெற்றிடம் போய்விடும், மறுபடி காற்றை உறிஞ்ச நேரமாகும். அதனால் குழாய்க்குள்ளேயே ஒரு குட்டி வண்டியை வைத்து, அதன் மேல் மாதிரிகளை வரிசையாக அடுக்கி, பட்டு மீன்பிடி நூலால் இழுத்து ஒவ்வொன்றாகக் கதிருக்கு நேரே கொண்டுவந்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது இந்த நூலால்தான். இரவு முழுக்க வேலை செய்வார். அதிகாலை மூன்று மணிக்கு மான்செஸ்டரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பது மோஸ்லிக்குத் தெரியும் என்று அவரோடு வேலை பார்த்த சார்லஸ் கால்டன் டார்வின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். பரிணாமக் கொள்கை தந்த டார்வினின் பேரன் இவர்.

கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரையிலான தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது கோடுகள் படிப்படியாக நகர்ந்திருந்தன. கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால் அடுத்தடுத்த தனிமத்துக்கு ஒரே அளவில் கூடிக்கொண்டே போனது. ஆக, ஒவ்வொரு படியிலும் அணுக்கருவின் மின்னூட்டம் ஒன்று கூடுகிறது. கோபால்ட் 27, நிக்கல் 28. எடை குழப்பினாலும் இந்த எண் குழப்பவில்லை.

1914-இல் வந்த இரண்டாவது கட்டுரையில் 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்று எழுதினார். அந்தக் கோடையில் பாரிஸிலிருந்து வேதியியலாளர் ஜார்ஜ் உர்பென் அருமண் (ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கக் கடினமான தனிமங்கள்) மாதிரிகளோடு, மோஸ்லி அப்போது வேலை பார்த்த ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். தான் கண்டுபிடித்ததாக நம்பிய செல்ட்டியம் என்ற தனிமம்தான் 72 என்று உறுதிசெய்துகொள்ள வந்தவர். பல ஆண்டு உழைப்பில் பிரித்தெடுத்த அந்த மாதிரிகளை மோஸ்லி சில நாட்களில் ஆராய்ந்து முடித்தார். செல்ட்டியம் அதில் இல்லை. ஆக 72-உம் காலி. பிறகு 1923-இல் ஹாஃப்னியம், 1925-இல் ரீனியம், 1937-இல் டெக்னீசியம், 1945-இல் புரோமீத்தியம் என்று நான்கு இடங்களும் நிரம்பின. நான்கில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

போர் மூண்டபோது அவர் அம்மாவோடு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு அறிவியல் மாநாட்டுக்காகப் போயிருந்தார். திரும்பி வந்ததும் ராணுவத்தின் பொறியாளர் படையான ராயல் எஞ்சினியர்ஸில் சேர்ந்தார். கட்டாய ராணுவச் சேவை பிரிட்டனில் 1916-இல்தான் வந்தது, அதனால் இவரை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. 38-ஆம் படைப்பிரிவின் தகவல் தொடர்பு அதிகாரியாகக் கலிப்பொலிக்குப் போனார். ஆகஸ்ட் 10 விடியற்காலையில் முஸ்தபா கெமால் தலைமையில் துருக்கியர்கள் சுனுக் பாயிர் முகட்டிலிருந்து இறங்கித் தாக்கினார்கள். தொலைபேசியில் ஒரு உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மோஸ்லியின் தலையில் குண்டு பாய்ந்தது. அந்தப் படைப்பிரிவின் தளபதியும் அன்றே இறந்தார். மோஸ்லிக்குக் கல்லறை இல்லை, ஹெல்லெஸ் நினைவுத்தூணில் பெயர் மட்டும் இருக்கிறது.

இவரை ஒரு துருக்கிக் குண்டுக்கு முன்னால் நிறுத்தியதைவிட அறிவியல் வேலையில் வைத்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவோ பயன்பட்டிருப்பார் என்ற பொருளில் ரூதர்ஃபோர்ட் வேதனையோடு எழுதினார். நான் அவர் பக்கம்தான். அதே ஆண்டு லாரன்ஸ் பிராக் 25 வயதில் நோபல் பெற்றார், அவரும் எக்ஸ் கதிர்க்காரர், அவரும் ராணுவத்தில் இருந்தவர். பீரங்கியின் சத்தத்தை அளந்து அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை ராணுவம் அவருக்குக் கொடுத்தது. ஆளுக்கேற்ற வேலை கொடுக்க வழி இருந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதே பிராக்கின் தம்பி ராபர்ட் 1915 செப்டம்பரில் கலிப்பொலியில் பட்ட காயத்தால் இறந்தார்.

ஆனால் மோஸ்லியே போக விரும்பினார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவருடைய முடிவை நான் ஏற்காவிட்டாலும் அது அவருடைய முடிவு. அவர் பெயரோடு எப்போதும் நோபலைச் சேர்த்து, கிடைத்திருக்கும், கிடைத்திருக்காது என்று பேசுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அவர் செய்தது ஏதோ பாதியில் நின்ற வேலை என்ற நினைப்பைத்தான் அந்தப் பேச்சு தருகிறது.

இன்னொன்று. போர்ப்பணியில் இருந்தபோது எழுதிய உயிலில், தன் சொத்தைச் சோதனை வழி ஆராய்ச்சிக்காக பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். தூய கணிதத்துக்கும் வானியலுக்கும், வெறுமனே விவரித்துப் பட்டியல் போடும் துறைகளுக்கும் கிடையாது என்று கறாராகச் சொல்லியும் இருந்தார். 27 வயதுப் பையனின் பிடிவாதம் அப்படியே அதில் தெரிகிறது.

பிள்ளைகள் அணு எண் படிக்கும் வயதில் இருந்தால், கோபால்ட், நிக்கல் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1913 கட்டுரையில் அந்தத் தகடுகளின் படமும் இருக்கிறது. புரியாத இடம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை தமிழில் விளக்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி