உஸ்குதாருக்கு நானாய் வருகிறார்

குழுவின் பெயர்: லிபா – உஸ்குதார் குடும்பம்

குழு விளக்கம்: பிலிப்பீன்ஸின் லிபா நகரத்தில் இருக்கும் பெண் வீட்டாரும் இஸ்தான்புல்லின் உஸ்குதாரில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்த குழு. நானாய் பெண்ணின் தாய், ஆத்தே அவளுடைய அக்கா. அன்னே மாப்பிள்ளையின் தாய், அப்லா அவருடைய அக்கா. உஸ்குதாரில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு லிபாவை அழைக்க வேண்டாம். அங்கே அப்போது இரவு பத்து மணி.

7 பிப்ரவரி 2026, சனிக்கிழமை (உஸ்குதார் நேரம்)

நானாய் – காலை 9.05
அனைவருக்கும் வணக்கம். வரும் 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் அங்கு வந்து சேர்வது உறுதியாகிவிட்டது. பெட்டி கட்டுவதற்கு முன் மனத்தில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். சம்பந்தி அம்மா தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் வந்து நான்கு நாள் கழித்து உங்கள் வீட்டில் ரமலான் நோன்பு தொடங்குவதாக மகள் சொன்னாள். வீட்டார் பகல் முழுவதும் தண்ணீர்கூட அருந்தாமல் இருக்கும்போது, சர்க்கரைக்கு மாத்திரை போடும் நான் மட்டும் வேளை தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது மரியாதைக் குறைவாகாதா? பயணத்தைப் பெருநாளுக்குப் பிறகு தள்ளி வைக்கலாமா என்று இரண்டு இரவுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்லா – காலை 9.31
வணக்கம் நானாய். அம்மா குரல் பதிவில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சம்பந்தி அம்மா, தள்ளி வைக்கும் பேச்சே வேண்டாம். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், மருத்துவர் சொற்படி மூன்று ஆண்டுகளாக நான் நோன்பு வைப்பதில்லை. அதற்கு ஈடாக ஃபித்யா கொடுத்து ஏழைகளுக்கு உணவளிக்கிறேன். பகலில் மற்றவர்கள் நோன்போடு இருக்க, நான் மட்டும் சமையலறையில் தனியே உட்கார்ந்து ஒரு வாய் சூப்பு குடிப்பது எனக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. இந்த ஆண்டு நீங்கள் எதிரில் உட்காரப் போகிறீர்கள். பெருநாளைக்கு முன்னால் வருவதுதான் எனக்கு வேண்டும்."

நானாய் – காலை 9.36
சம்பந்தி அம்மா, இதைப் படித்ததும் மனத்தில் இருந்த பாரம் இறங்கியது. வருகிறேன்.

இளைய மகள் – காலை 9.52
அம்மா, இந்த ஆண்டு திருநீற்றுப் புதன் 18ஆம் தேதி, இங்கே நோன்பின் முதல் நாள் 19ஆம் தேதி. இஸ்லாமிய ஆண்டு நம்முடையதைவிடப் பதினோரு நாள் அளவுக்குக் குறைவு என்பதால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் முன்னே நகர்ந்துகொண்டே வரும். அப்படி நகர்ந்து வந்து இந்த முறை நம் தவக்காலத்தோடு ஒட்டி நிற்கிறது. புதன்கிழமை உங்களை இஸ்திக்லால் தெருவில் இருக்கும் புனித அந்தோணியார் கோயிலுக்கு அழைத்துச் செல்வேன். உஸ்குதாரிலிருந்து படகில் எமினோனுவுக்குப் போய், கலாதா பாலத்தை நடந்து கடந்து, கராக்கோய் என்ற இடத்தில் துனெல் எனப்படும் இழுவை ரயிலில் ஏறினால் இஸ்திக்லால் தெருவின் தொடக்கத்தில் இறங்கிவிடலாம். அந்த ரயில் 1875 முதல் ஓடுகிறது. உங்கள் முழங்காலுக்கு அந்த மேட்டில் ஏறும் வேலை இருக்காது. கோயில் முற்றத்தில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் சிலை இருக்கிறது. அவர் திருத்தந்தை ஆவதற்கு முன்பு, 1935 முதல் 1944 வரை, இந்த நகரத்தில்தான் வத்திக்கானின் பிரதிநிதியாக இருந்தார். எனக்கு மிகவும் வீட்டு நினைப்பு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிலைக்கு அருகில்தான் சற்று நேரம் நிற்பேன்.

ஆத்தே – காலை 10.03
வெள்ளிக்கிழமைகளில் அம்மா இறைச்சி தொடமாட்டார் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடு. நோன்பு திறக்கும் மேசையில் ஆசையாகப் பரிமாறுவார்கள், அம்மா மறுக்கவும் முடியாமல் உண்ணவும் முடியாமல் தவிப்பார்.

அப்லா – காலை 10.20
அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "வெள்ளி தோறும் என் மேசையில் இறைச்சி இருக்காது. பருப்பு சூப்பை எலும்புச் சாற்றில் வைக்காமல் வெறும் நீரில் வைப்பேன். குளிர்காலத்து லீக்ஸ் தண்டை அரிசியோடு ஆலிவ் எண்ணெயில் வேகவைத்து ஆறவைத்துத் தருவேன். கருங்கடல் நெத்திலிக்கு இதுதான் பருவம். சம்பந்தி அம்மாவின் விரதமும் எங்கள் நோன்பும் ஒரே பாத்திரத்தில் சமைக்கக் கூடியவைதான்."

நானாய் – காலை 10.34
அப்படியானால் இன்னொரு கேள்வி. நம்மூர்ப் பூண்டுத் தொத்திறைச்சியான லொங்கானிசாவை மாப்பிள்ளைக்கு ருசி காட்ட வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். கொண்டு வரலாமா?

இளைய மகள் – காலை 10.41
வேண்டாம் அம்மா. அது பன்றி இறைச்சி; இந்த வீட்டுக்குள் அது வராது, நானும் கொண்டு வந்ததில்லை. திருமணமான புதிதில் இதை யாரும் எனக்கு விதியாகச் சொல்லவில்லை, நானாகவே முடிவு செய்தேன். வினிகரும் சோயாவும் ஊற்றி வேகவைக்கும் நம் அடோபோவைக் கோழியில்தான் செய்கிறேன். அதற்கு இடும் லாரல் இலை லிபாவில் சிறு பொட்டலமாகத்தான் நமக்குக் கிடைத்தது. இங்கே அதன் பெயர் தெஃப்னே. இந்த நாட்டு மலைகளில் தானாக வளர்கிறது, சந்தையில் கைப்பிடி கைப்பிடியாகக் கிடைக்கிறது. நீங்கள் நம் பட்டாங்காஸ் பராக்கோ காப்பிப் பொடியை மட்டும், இருப்பதில் மிக நைசாக அரைத்து, கொண்டு வாருங்கள்.

ஆத்தே – காலை 10.55
பராக்கோ என்றதும் பெண் கேட்டு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளையும் அப்லாவும் நம் வீட்டுக்கு வந்திருந்தபோது, பெண் கேட்க வருபவருக்கு உப்பிட்ட காப்பி கொடுப்பது துருக்கி வழக்கம் என்று அறிந்து, தங்கை பராக்கோவில் உப்பைக் கலந்து கொடுத்தாள். விஷயம் தெரியாத அம்மா அதை ஒரு வாய் பருகிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டபடி கோப்பையைப் பறிக்க வந்தார். மாப்பிள்ளை விடாமல் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தார். அன்றுதான் அம்மா இந்தத் திருமணத்துக்கு மனதாரச் சம்மதித்தார் என்பது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை – காலை 11.10
அதைக் குடித்தது இன்றும் எனக்குப் பெருமைதான், ஆத்தே. நானாய், மொழி தெரியாதே என்று நீங்கள் மகளிடம் கவலைப்பட்டீர்களாம். குளியலறை எங்கே என்று கேட்க உங்கள் மொழியில் 'பான்யோ' என்றால் போதும், எங்கள் மொழியிலும் அது பான்யோதான். உங்கள் 'லபாபோ' எங்கள் 'லவாபோ'. உங்கள் 'சபோன்' எங்கள் 'சபுன்'. உங்களுக்கு ஸ்பானியர் வழியாகவும் எங்களுக்கு இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், அரபியர் வழியாகவும் வந்து சேர்ந்த சொற்கள் ஒரே வீட்டில் சந்தித்துக்கொண்டன. இன்னொன்றும் உண்டு. உங்கள் 'சியா'வும் எங்கள் 'ஓ'வும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொற்கள். அதனால்தான் நீங்களும் என் தாயும் காணொளியில் உடைந்த ஆங்கிலத்தில் பேசும்போது, இருவருமே பேத்தியை ஆண்பிள்ளையாக்கிப் பேசுகிறீர்கள். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒருபோதும் குழம்பியதில்லை.

நானாய் – காலை 11.18
நல்லது மகனே. அரிசியைப் பற்றியும் சொல்லுங்கள். மூன்று வேளையும் சோறு இல்லாவிட்டால் எனக்குச் சாப்பிட்டது போலவே இருக்காது.

இளைய மகள் – காலை 11.40
அம்மா, இதை உங்களிடம் நான் அந்த ஆண்டு சொல்லவில்லை, இப்போது சொல்லலாம். மணமாகி வந்த முதல் மாதத்தில் நான் அழுதது சோற்றுக்காகத்தான். இங்கே அரிசியை வெண்ணெயில் வறுத்து, உப்பிட்டு, சேமியா போன்ற சிறு மாவுத்துண்டுகளைச் சேர்த்துப் பிலாவ் ஆக்குவார்கள். அது இறைச்சிக்குப் பக்கத்தில் இரண்டு கரண்டி வைக்கும் பக்க உணவு. அதோடு ரொட்டியும் இருக்கும். ஒரு நாள் துணிந்து, வெண்ணெயும் உப்பும் இல்லாமல் வெறும் சோறு வடித்துக்கொள்ளலாமா என்று அன்னேயிடம் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. உடனே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், படுக்கச் சொன்னார், அரிசியைக் குழையக் குழைய வேகவைத்துத் தயிரோடு கொண்டு வந்தார். இந்த நாட்டில் உப்பும் நெய்ப்பசையும் இல்லாத குழைந்த சோறு வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பத்திய உணவு. என் பசியை அவர் நோயாகப் புரிந்துகொண்டார். அவருடைய பதற்றத்தை நான், தன் சமையலைக் குறை சொன்னதற்கான கோபமாகப் புரிந்துகொண்டேன். இரண்டு நாள் ஒருவரையொருவர் சரியாகப் பார்க்காமல் இருந்தோம்.

அப்லா – காலை 11.58
அம்மா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர் சொல்கிறார்: "அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை, மகளே. அயல்நாட்டுப் பெண்ணை அழைத்து வந்து பட்டினி போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். சம்பந்தி அம்மா அறியட்டும்: இன்று எங்கள் அடுப்பில் எப்போதும் இரண்டு அரிசிப் பானைகள் உண்டு."

இளைய மகள் – நண்பகல் 12.09
அந்த இறுக்கத்தை உடைத்தது நம் புளிப்புச் சூப்பான சினிகாங்தான். சரிசெய்ய என்ன வழி என்று தெரியாமல், எனக்கு நன்றாகச் செய்ய வந்த ஒன்றைச் செய்து வைப்போம் என்று மாட்டெலும்பு வாங்கினேன். புளிக்கு எங்கே போவது என்று நாட்டுமருந்துக் கடையில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் "தெமிர்ஹிந்தி" என்று சொல்லி எடுத்துத் தந்தார். ரமலானில் சர்பத் காய்ச்சுவதற்காக அதை விற்கிறார்களாம். குளிர்காலத்தில் பச்சை வெண்டைக்காய் கிடைக்காது. சமையலறையில் நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்த உலர்ந்த வெண்டைப் பிஞ்சுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. கேட்காமலே ஒரு சரத்தை அவிழ்த்துப் போட்டுவிட்டேன். அவை அன்னேயின் ஊரான கோன்யாவிலிருந்து அவர் தங்கை கோத்து அனுப்பியவை என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்னே முதல் கரண்டியைக் குடித்ததும் அப்படியே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை – நண்பகல் 12.16
நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோன்யாவில் கல்யாண விருந்தென்றால் பாம்யா சோர்பா என்ற சூப்பு கட்டாயம் உண்டு: இறைச்சி, அந்த உலர்ந்த வெண்டைப் பிஞ்சு, எலுமிச்சைப் புளிப்பு. அம்மா இஸ்தான்புல்லுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. "இது என் தாய் வீட்டுச் சூப்பு, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். என் மனைவி, "என் தாய்" என்றாள். இருவரும் சொன்னது உண்மைதான்.

நானாய் – நண்பகல் 12.30
சம்பந்தி அம்மா, வந்ததும் நான் செய்யப் போகும் முதல் சமையல் அதுதான். நோன்பின் முதல் நாள் மாலையில் எல்லாருக்கும் நானே சினிகாங் வைக்கிறேன்; நீங்கள் பக்கத்திலிருந்து உப்பு பாருங்கள், பகலில் ருசி பார்க்க நம் இருவரால் மட்டும்தானே முடியும்.

அப்லா – நண்பகல் 12.44
அம்மா கேட்கிறார்: "விமான நிலையத்தில் நம்முள் யார் யாருடைய கையைப் பிடிப்பது? எனக்கு அறுபத்தெட்டு, உங்களுக்கு அறுபத்தொன்று. எங்கள் வழக்கப்படி இளையவர் மூத்தவரின் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார். ஆனால் நீங்கள் பெண்ணைக் கொடுத்தவர், என் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர். உங்கள் கையை நான் பிடிப்பதுதான் முறை என்று தோன்றுகிறது."

நானாய் – நண்பகல் 12.53
அது ஆகாது சம்பந்தி அம்மா. எங்கள் ஊரிலும் மானோ உண்டு. முத்தமிடாமல், மூத்தவரின் புறங்கையை நெற்றியில் வைத்துக்கொள்வோம். வயதில் நீங்கள் மூத்தவர், என் மகளை எட்டு ஆண்டுகளாகக் காத்தவர். உங்கள் கையைத்தான் நான் நெற்றியில் வைப்பேன். பேத்தியிடம் மட்டும் இரண்டையும் சொல்லிவையுங்கள்.

இளைய மகள் – நண்பகல் 12.58
அவளுக்கு இரண்டும் தெரியும் அம்மா. அன்னேயின் கையென்றால் முத்தமிட்டு நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். காணொளியில் உங்களைக் கண்டால் கைபேசித் திரையை நேராக நெற்றியில் வைக்கிறாள்.

அப்லா – பிற்பகல் 2.25
அம்மாவும் நானும் இப்போதுதான் எமினோனு மிசர் சந்தைக்குப் போய்த் திரும்பினோம். அரைக் கிலோ தெமிர்ஹிந்தி வாங்கியிருக்கிறோம், படத்தைப் பாருங்கள். நீங்கள் வரும் வரை இதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறார். குளிர்பெட்டியா, வெளியிலா?

நானாய் – பிற்பகல் 2.40
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது நன்கு பழுத்த கறுப்புப் புளி. நாங்கள் சினிகாங்குக்குப் போடுவது மரத்திலிருந்து பறித்த பச்சைப் புளியங்காய். அதை வேகவைத்து மசித்து வடிகட்டுவோம், சாறு வெளிறிய நிறத்தில் இருக்கும். இதில் வைத்தால் சாறு சற்றுக் கறுத்து, லேசான இனிப்போடு இருக்கும், அதனால் கோன்யா முறைப்படி கடைசியில் எலுமிச்சையும் பிழிந்துவிடலாம். புளி கெடாது, மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் வெளியிலேயே வையுங்கள், ஈரக் கை மட்டும் படக் கூடாது. வெண்டைச் சரம் எத்தனை மீதி இருக்கிறது?

அப்லா – பிற்பகல் 2.46
அம்மா எண்ணிப் பார்த்துவிட்டார். மூன்று சரம் இருக்கின்றன. பெருநாளைக்கும் வேண்டும் என்று, கோன்யாவில் இருக்கும் சித்தியிடம் இன்னும் இரண்டு சரம் அனுப்பச் சொல்லி இப்போது தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார்.