புதுப்பிப்பு: இருங்காட்டுக்கோட்டை போய் வந்தாச்சு

போன வாரம் இங்கே இரண்டு கேள்வி கேட்டிருந்தேன்: வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நடக்கும் பைக் ரேஸுக்கு வண்டியிலேயே போகலாமா, எங்கே உட்கார்ந்து பார்ப்பது? பதில் சொன்ன அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி.

போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். விடியற்காலை அக்கா மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வாலாஜாவில் டீ, அப்புறம் நேராக ஸ்ரீபெரும்புதூர். வழியில் சொல்ல எதுவும் இல்லை.

1990-இல் திறந்த டிராக், ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நேர்சாலை முடிந்து முதல் வளைவு வரும் பக்கமாக உட்காரச் சொன்னீர்களே, அது சரியான யோசனை. ஏழெட்டு வண்டிகள் ஒன்றாக வந்து, ஒரே நேரத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் லேசாகத் தூக்கி ஆடுகிறது. ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் இறக்கி முழங்காலைத் தரையில் உரசுகிறார். உடம்பு இறங்க இறங்க, அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும். டயருக்குப் பிடிப்பு மிஞ்சும். டிவியில் இது பிடிபடவே இல்லை, நேரில் பார்த்ததும் புரிந்தது.

மதியம் மழை. வழவழப்பான டயர்களைக் கழற்றிவிட்டு, தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளம் வெட்டிய டயர்களை அவசரமாக மாட்டினார்கள். எனக்கு ரேஸை விட அதுதான் பிடித்தது.

பெண்கள் ரேஸில் பாப்பா கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. "மாமா, எனக்கும் ஓட்டக் கத்துக்கொடு" என்கிறாள். அக்காவிடம் நான்தான் பேச வேண்டும்.