தகவலியல் இளநிலைப் படிப்பு: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

பதிவு 1

இரண்டாம் ஆண்டு வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்தது, ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பும் நிரல். சேர்ந்த முதல் மாதமே எல்லோரும் எழுதிவிடுகிற நிரல் என்பதால், இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கொடுத்து இயக்கிக் காட்டிவிட்டு எழுந்திருக்கத் தயாராக இருந்தேன். தேர்வாளர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து "தமிழ்" என்று தட்டினார். ழகரத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி ஒரு வெற்று வட்டத்தின் மேல் தனியாக வந்து நின்றது. அதைத் தொடர்ந்து "ழி", "ம", "த" என்று வந்தன. மகரத்தோடு இருந்த இகரக் குறி ழகரத்துக்குத் தாவிவிட்டிருந்தது.

"இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து?" என்று கேட்டார். மூன்று என்றேன். நிரலோ நீளம் 5 என்றது. சேமித்த கோப்பின் அளவு 15 பைட். "இவற்றில் எது சரி?" என்று கேட்டபோது, "எழுத்துருவில் ஏதோ கோளாறு, ஐயா" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. மதிப்பெண்ணை எழுதிவிட்டு அடுத்தவரை அழைத்தார். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதும், அவை ஒவ்வொன்றும் அந்த எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் கொள்ளும் என்பதும், ஆகவே மூன்று விடைகளுமே சரி என்பதும் பிறகுதான் விளங்கின. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

பதிவு 2

மேலே சொன்னது கணினி அறிவியல் பாடம். தகவலியல் என்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே மனிதரையும் தகவலையும் சேர்த்துப் பார்ப்பதற்குத்தான் என்பதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் நால்வர் சேர்ந்து வடிவமைத்த விண்ணப்பப் படிவத்தைப் பயனர் சோதனைக்கு வைத்தோம். ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று பயன்பாட்டெளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொன்னதை நம்பி ஐந்து பேரை அழைத்திருந்தோம். எங்களுக்கு முதல் ஆளே போதுமானவராக இருந்தார். வயதில் மூத்த அம்மையார் ஒருவர். "சேமி" பொத்தானை அழுத்தினார், ஒன்றும் நடக்கவில்லை. மேலே, திரைக்கு வெளியே நகர்ந்துவிட்ட ஒரு கட்டாயக் கட்டத்தை அவர் நிரப்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் சோதனையின்போது உதவக்கூடாது என்பது விதி. மீண்டும் அழுத்தினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "மன்னித்துக்கொள்ளுங்கள், எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை" என்றார். மொத்தம் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். தவறு முழுவதும் எங்களுடையது. விதியைச் சாக்காகக் கொண்டு நால்வரும் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பதிவு 3

இறுதி ஆண்டுத் திட்டப்பணிக்காக உடன் படித்தவர்களிடம் உறக்கம், மன அழுத்தம் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினேன். பெயர்களை நீக்கிவிட்டதால் தரவு அடையாளமற்றது என்று எழுதி, அட்டவணையைத் திரையில் காட்டினேன். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன. மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த தோழி, எழுந்திருக்காமல், குரலை உயர்த்தாமல், "பதினான்காவது வரி நான்" என்றாள். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் அவள் உட்கொள்ளும் மருந்தின் பெயர் இருந்தது.

அந்த மூன்று விவரங்களை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டானியா ஸ்வீனி 2000ஆம் ஆண்டிலேயே கணித்துக் காட்டியிருந்தார். அந்தக் கட்டுரையைப் பாடமாகப் படித்து, தேர்வில் விடையும் எழுதியவன் நான்.

பதிவு 4

இரண்டாம் பதிவரை மறுக்க வேண்டியிருக்கிறது. கணினி முன்னோடி கார்ல் ஸ்டைன்புக் 1957இல் ஜெர்மன் மொழியில் தகவலியலுக்கு "இன்ஃபர்மாட்டிக்" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பிரெஞ்சில் பிலிப் டிரைஃபஸ் 1962இல் அதற்கு இணையான சொல்லைக் கொண்டுவந்தார். ஐரோப்பாவின் பல நாடுகளில் இன்றும் அச்சொல் கணினி அறிவியலையே குறிக்கிறது. மனிதர், நிறுவனம், தகவல் என்று விரிகிற பொருள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வழங்குவது. ஆகவே எது தகவலியல் என்று இங்கே வேலி போட முடியாது.

முதல் பதிவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 பைட் என்பது அந்தச் சொல்லின் அளவன்று, குறியாக்கத்தின் அளவு. அதே சொல் யூடிஎஃப்-16 என்ற மற்றொரு குறியாக்க முறையில் 10 பைட்தான். மேலும், "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு வேறு. எனவே ஒப்பிடுமுன் இயல்பாக்கம், அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது, செய்தே ஆக வேண்டும்.

என் அனுபவம் சிறியது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது இயங்கி முடிந்து நிற்குமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது நிரல் இருக்க முடியாது என்று கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936இல் நிறுவியதை அறியாமல், அப்படி ஒரு நிரலையே திட்டப்பணித் தலைப்பாகக் கொடுத்தேன். ஆசிரியர் தலைப்பின் அருகே "எழுதி முடித்ததும் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில சொற்கள். தனிநிலைக் கணிதத்தை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளாதீர்கள். பிறகு வரும் தரவுக் கட்டமைப்பும் படிமுறைப் (அல்காரிதம்) பகுப்பாய்வும் அதன் மேல்தான் நிற்கின்றன. நிரலாக்க மொழிகளை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். ஒன்றை ஆழக் கற்றால் அடுத்தது சில வாரங்களில் வந்துவிடும். கோப்பகத்தில் "இறுதி", "இறுதி2", "உண்மையான இறுதி" என்று சேமிப்பதை விட்டு, கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவியான கிட்டை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். பிழைச்செய்தியை முழுவதுமாகப் படியுங்கள். பாதி ஐயங்களுக்கு அதன் கடைசி வரியிலேயே விடை இருக்கும். புள்ளியியலைத் துணைப்பாடம் என்று இகழாதீர்கள். நிரலில் தசமப் புள்ளி எண்களைச் சமக்குறியிட்டு ஒப்பிடாதீர்கள்; 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதைக் கண்டு இரவெல்லாம் நிரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவர்களை நான் அறிவேன்.

பதிவு 5

நான்காம் பதிவரிடம் யாரும் அறிவுரை கேட்ட நினைவில்லை என்றாலும், கிட் பற்றிச் சொன்னது சரி. மற்றபடி, இரண்டாம் பதிவரின் குழு அன்று விதியை மீறியிருக்கத் தேவையில்லை. "இது உங்கள் தவறு இல்லை" என்று சொல்வதை எந்தச் சோதனை விதியும் தடுக்காது.

பதிவு 6 (முதல் பதிவர்)

இயல்பாக்கம் பற்றிப் படித்ததும், அந்தப் பழைய நிரலைத் தேடி எடுத்து, ஒப்பிட ஒரு வரி சேர்த்து, இரண்டு விதமாக எழுதிய "கொ"வைக் கொடுத்துப் பார்த்தேன். திரையில் இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே நின்றன. நிரல் "பொய்" என்றது. இந்த முறை எழுத்துருவை ஒன்றும் சொல்லவில்லை.